கெட்ட சேதிக்கு ஒரு நாற்காலி

என் மகாராணிக்குச் சித்தப்பா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் சித்தியும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது, படியேறும்போதெல்லாம் சண்டைக்கு வருகிறது, மற்றபடி ஒரு குறையுமில்லை. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிரில் காதை மூடிக்கொண்டு, ஒழுங்காகத் தூங்குகிறாயா என்று சித்தி ஒரு நாளைக்கு நாற்பது தடவை என்னைக் கேட்கிறாள், நான் என்னமோ உன் பக்கத்து அறையில் குடியிருக்கிற மாதிரி. போன வாரம் நீ போனில் அனுப்பிய படம் வந்தது. உன் ஆஸ்பத்திரிப் பிரிவின் குறை நோட்டைத் திறந்து வைத்து, மூன்று வாரமாக ஒரு வரிகூட எழுதப்படாத வெள்ளைப் பக்கத்தைப் படமெடுத்து, "பாருங்க சித்தப்பா, நான் கண்டிப்பா இருக்க ஆரம்பிச்சப்புறம் ஒரு தப்புகூட நடக்கல" என்று எழுதியிருந்தாய். சித்தி அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. நீ அதைக் கவனித்திருப்பாய், ஏனென்றால் நான் வாயைத் திறக்காமல் இருந்த நாள் உன் ஆயுளில் இதுதான் முதல். இப்போது திறக்கிறேன். உனக்கு ஒரு கதை சொல்லப் போகிறேன் அம்மாடி. இந்தப் பூமியில் ஒருத்தரும் நம்பமாட்டாத கதை. இதைக் கேட்டால் நீதிபதி எழுந்து போய்விடுவார், வக்கீல் தொழிலை விட்டுவிடுவார். சத்தியமாகச் சொல்கிறேன் என்று ஆரம்பிக்கிற என் கதைகளின் தரம் உனக்குத் தெரியுமாதலால் இந்தத் தடவை சத்தியம் செய்யாமலே ஆரம்பிக்கிறேன். போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம், போனில் என்றால் நடுவில் நீ சிரிப்பாய், அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு நான் தப்பித்துவிடுவேன்.

நான் பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த காலம் உனக்கு அரைகுறையாக ஞாபகமிருக்கும். உன் அப்பா போன பிறகு, என் அண்ணன் மகளான நீ என் மகளாகி எங்கள் வீட்டுக்கு வந்த வருஷம் அது. அப்போது எங்களுக்குத் தலைவராக ஒருத்தர் இருந்தார், நாங்கள் வைத்த பெயர் இடி. அவர் இருமினால் பக்கத்து ஊரில் பால் திரிந்துவிடும். அவர் கோபமாக வாசலில் காலெடுத்து வைத்தால் கூரையில் அடைகாத்துக்கொண்டிருந்த புறாக்கள் முட்டையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்துவிடும். பழுதான இன்ஜின்கள்கூட அவர் பக்கத்தில் வந்து நின்றால் பயத்தில் தானாக ஓட ஆரம்பித்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்களிடமும் உன்னிடம் இருப்பது போலவே ஒரு குறை நோட்டு இருந்தது, சுவரில் ஆணியில் தொங்கும், நூலில் கட்டிய பென்சில் அதன் பக்கத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். யார் எந்தப் பழுதைப் பார்த்தாலும், தானே செய்த தப்பானாலும், அதில் எழுத வேண்டும். அது சட்டம். எழுதினவனை நடுக்கூடத்தில் நிறுத்தி, எழுதினதை மூன்று தடவை உரக்கப் படிக்கச் சொல்லி, ஒவ்வொரு தடவைக்கும் "இன்னும் சத்தமா! உங்க வீட்டுல கேக்கட்டும்!" என்று இடி முழங்குவார். அது சட்டத்தில் இல்லை, அவருடைய சொந்தச் சரக்கு. விளைவு என்னவென்று நீயே ஊகிப்பாய். ஒரு வருஷம் முழுக்க நோட்டு வெள்ளை வெளேரென்று இருந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்து, குறையே இல்லாத பணிமனை என்று எங்களுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அது என் உயரம் இருக்கும், அதைத் தூக்கி வைக்க எட்டு ஆளும் ஒரு கிரேனும் தேவைப்பட்டன. அதில் முகம் பார்த்து நாங்கள் எல்லோரும் தலை சீவிக்கொண்டோம்.

அந்தப் பணிமனையில்தான் தபலா வேலை பார்த்தான். உன் தபலா மாமாதான், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் வீட்டுக்கு வந்து இடது கையால் கேரம் ஆடுகிறவன். அவனுக்கு அந்தப் பெயர் வந்த காரணம் உனக்குத் தெரியாது, நீ பார்த்ததெல்லாம் பிந்தைய தபலாவை. அந்த நாளில் அவன் விரல் பட்ட இடமெல்லாம் பேசும். பஸ் கதவு, எண்ணெய் டின், உன் டிபன் பெட்டி மூடி, ஒரு தடவை இடியின் மேஜைகூட. கூட்டத்தில் அவர் திட்டிக்கொண்டிருக்கும்போது அவரையறியாமல் அவர் பேச்சு இவன் தாளத்தில் விழுந்துவிட்டது, நாங்கள் சிரிப்பை அடக்கியதில் இரண்டு பேருக்கு விலா பிடித்துக்கொண்டது. கேடயம் வந்த மூன்றாவது மாதம், ஒரு வியாழக்கிழமை, இன்ஜினைத் தூக்கும் சங்கிலிக் கொக்கி உடைந்தது. கீழே தபலாவின் வலது கை. மூன்று விரல்கள். இந்த இடத்தில் நான் எதையும் பெருக்கிச் சொல்லப் போவதில்லை. விசாரணை வந்தது. கொக்கியில் முன்பே கீறல் இருந்ததா, யாராவது பார்த்தீர்களா என்று எங்கள் இருபத்தெட்டு பேரையும் கேட்டார்கள். இல்லை, அந்த நிமிஷம்வரை கொக்கி புதுப்பெண் மாதிரி இருந்தது, திடீரென்று உடைந்தது என்று இருபத்தெட்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். நோட்டைப் புரட்டினார்கள். அதுவும் அதையேதான் சொன்னது. வெள்ளை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அம்மாடி, வெள்ளைத் தாளில் ஒரு பணிமனையையே மறைக்கலாம்.

இடியை வேறெங்கோ மாற்றினார்கள். அவர் இடத்துக்கு ஒரு பெண்மணி வந்தார். உருவம் நூல்கண்டு அளவு, அதனால் நூல்கண்டம்மா. முதல் நாள் காலையில் எங்களுக்கு முன்னால் வந்து நின்றார். நாங்கள் உரை கேட்கத் தயாராக இருந்தோம், அவர் ஒன்றும் பேசாமல் நேராக ஆணியிலிருந்து நோட்டை எடுத்து, பென்சிலால் எழுதி, எழுதினதைத் தானே படித்தார்: இன்று காலை என் வண்டியைத் தீயணைப்பு வாளிகளுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டேன், தப்பு என்னுடையது, எடுத்துவிட்டேன். அவ்வளவுதான். ஒருவன் என் காதில், "என்னடா இது, வந்த அன்னைக்கே தலையைக் கொடுக்குது இந்தம்மா" என்றான். இன்னொருவன், "பொறுடா, இது தூண்டில் புழு, கடிச்சே மாட்டின" என்றான். இரண்டு வாரம் அவர் மட்டும்தான் அதில் எழுதினார். எழுதினது எல்லாம் தன் தப்பு. அந்த அம்மாள் செய்த தப்புகளைச் சேர்த்தால் ஒரு சாம்ராஜ்யம் கவிழ்ந்திருக்கும். அவர் அறையில் நாற்காலி ஒன்றே ஒன்றுதான் வைத்திருந்தார். அதற்கும் ஒரு விதி. நல்ல சேதி கொண்டு வருகிறவர்கள் நின்றுகொண்டே சொல்லலாம், கெட்ட சேதி கொண்டு வருகிறவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் சொல்ல வேண்டும், அம்மாள் எழுந்து நின்று கேட்பார். இந்தக் கூத்தை நாங்கள் ஒருவரும் நம்பவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அது மூடிக்கொண்டு ஆளை விழுங்கிவிடும் என்று நான்தான் ஊரெல்லாம் பரப்பினேன்.

அதில் முதலில் உட்கார்ந்தவன் தபலா. கை ஆறி, டயர் பிரிவில் திரும்ப வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம். சக்கரத்தை மாட்டினால் நட்டுகளை முதலில் கையால் திருகி, பிறகு நீளமான கம்பி போட்டு முழு பலத்தோடு முறுக்கி, முறுக்கியதற்கு அடையாளமாக ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுக்க வேண்டும். கோட்டைப் பார்த்தால் பஸ்ஸை வெளியே விட்டுவிடுவார்கள். அன்று காலை ஆறேகால் பஸ்ஸுக்கு அவன் கையால் திருகிக்கொண்டிருக்கும்போது யாரோ கூப்பிட, போய்விட்டு வந்தவன் இடது கை பழக்கமில்லாத தடுமாற்றத்தில், முறுக்கிவிட்டோம் என்ற நினைப்பில் கோட்டை இழுத்துவிட்டான். பஸ் போய்விட்டது. ஏழு மணிக்கு டீ குடிக்கும்போது நிமிர்ந்து பார்க்கிறான், நீளக் கம்பி சுவரில் தொங்குகிறது, முந்தின நாள் துடைத்துச் சுற்றி வைத்த துணி அவிழாமல் அப்படியே இருக்கிறது. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு விஷயத்தை எங்களிடம் சொன்னான். பக்கத்தில் இருந்தவன், "சும்மா இரு. கோடு இருக்குல்ல? எவன் கேக்கப் போறான்? வழியில இறுகிக்கும்" என்றான். தபலா அவனைப் பார்த்துவிட்டு, தன் கையைப் பார்த்துவிட்டு, எழுந்து நேரே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். கதவு திறந்திருந்தது, நாங்கள் எல்லோரும் காதை அங்கே விட்டுவிட்டோம். "அம்மா, ஆறேகால் வண்டி, பின் சக்கரம், முறுக்காம கோடு போட்டுட்டேன்" என்றான். யாருடா போட்டது என்ற இடிக்குப் பழகிய எங்கள் கழுத்தெல்லாம் தானாகச் சுருங்கின. அந்த அம்மாள் கேட்டது, "எந்தப் பக்கம்?" என்பது மட்டும்தான். "இடது." "சரி, இங்கயே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தார்.

அதன் பிறகு நடந்ததை நான் பல சபைகளில் சொல்லியிருக்கிறேன். நான் பணிமனையிலிருந்து புறப்பட்டு ஓடினேன், என் செருப்பு தீப்பிடித்தது, வழியில் இரண்டு பந்தயக் குதிரைகள் மூச்சு வாங்கி வழிவிட்டன, பஸ்ஸை முந்திக்கொண்டு போய் ஒரு கையால் தூக்கி நிறுத்தி, நட்டுகளைப் பல்லால் முறுக்கினேன், உள்ளே இருந்த நாற்பத்தாறு பேரும் தூக்கம் கலையாமல் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். நடந்தது என்னவோ, அடுத்த நிறுத்தத்தில் இருந்த நேரக்காப்பாளருக்கு அந்த அம்மாள் போன் போட்டு வண்டியை நிறுத்தச் சொன்னார், நானும் இன்னொருவனும் ஜீப்பில் கம்பியோடு போனோம். பத்து நட்டில் நாலு ஒரு குழந்தை விரலால் சுழற்றுகிற அளவுக்குத் தளர்ந்திருந்தன. திரும்பி வந்து சொன்னோம். அவர் தபலாவிடம், "நீங்க சொன்னதால நாப்பத்தாறு பேர் வீட்டுக்குப் போவாங்க. இப்ப சொல்லுங்க, இந்தத் தப்பு இன்னொருத்தர் கையில நடக்காம இருக்க என்ன பண்ணலாம்?" என்றார். மன்னிப்பு மழை பொழியவில்லை, தட்டிக்கொடுத்துக் கண்ணீரும் விடவில்லை. அவன் கொஞ்சம் யோசித்து, "முறுக்குறவன் கையில பெயின்ட் டப்பா இருக்கக் கூடாதும்மா. முறுக்குறது ஒருத்தன், கோடு போடுறது இன்னொருத்தன்" என்றான். மறுநாளிலிருந்து அதுதான் எங்கள் வழக்கம், நான் ஓய்வு பெறும்வரை மாறவில்லை. அன்று சாயங்காலம் குறை நோட்டில் பதினோரு வரி. எல்லாம் வேறு வேறு கையெழுத்து.

இப்போது உன் வெள்ளைப் பக்கத்துக்கு வருகிறேன். நீ போன மாதம் சொன்னதை நான் மறக்கவில்லை. உங்கள் பிரிவில் அறுவைக் கருவிகளைக் கிருமி சாக நீராவியில் வேகவைத்துப் பொட்டலம் கட்டுகிறீர்கள், ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு பட்டை இருக்கும், சரியாக வெந்தால் அது கறுக்கும். பொட்டலம் கட்டுகிற அந்த மூத்த பெண் பட்டை கறுக்காத ஒன்றைக் கவனிக்காமல் அனுப்பிவிட்டு, நினைவு வந்து ஓடிப்போய்த் திருப்பி வாங்கி, தானாக நோட்டிலும் எழுதினாள். நீ அவளை எல்லோருக்கும் நடுவில் நிறுத்தி, "நீங்களே கண்ணை மூடிக்கிட்டா நோயாளிக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டாய், கிடங்குக்கு மாற்றும் கடிதத்தையும் தயார் பண்ணிவிட்டாய், இந்த மாதக் கடைசியில் கையெழுத்துப் போடப் போகிறாய். உன் கோபம் நோயாளிக்காகத்தான், எனக்குத் தெரியும். இடியின் கோபமும் பயணிக்காகத்தான், அந்த மனிதர் ஒரு நாளும் தனக்காகக் கத்தினதில்லை. ஆனால் தேதியைப் பார். அவள் எழுதினதுதான் உன் நோட்டில் கடைசி வரி. அன்றிலிருந்து உன் ஆட்கள் யாருமே தப்புச் செய்யாத தேவர்களாகிவிட்டார்களா, அல்லது பென்சிலைத் தொடாதவர்களாகிவிட்டார்களா? நீ படமெடுத்து அனுப்பிய அந்தப் பக்கத்துக்கு அடியில் கறுக்காத பட்டைகள் எத்தனை கிடக்கின்றன என்று உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, எவரோ ஒருவர் அறுவை மேஜையில் படுத்துக்கொண்டு அதைத் தெரிந்துகொள்ளப் போகிறார்.

அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதே. இதைப் படித்த மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் போ. திட்டினது சபையில், வருத்தம் தெரிவிப்பது அறைக்குள்ளா? எங்கே அவளை நிறுத்தினாயோ அங்கேயே நீ நில். உன் கையால் உன் தப்பை நோட்டில் எழுதி, நீயே படி. ஒரே நாளில் யாரும் நம்ப மாட்டார்கள், தூண்டில் புழு என்றுதான் சொல்வார்கள், சொல்லட்டும், தினமும் எழுது, உன்னிடம் சரக்குக்குப் பஞ்சமில்லை என்பது உன்னை வளர்த்த எனக்குத் தெரியும். பட்டையைப் பார்க்க இரண்டாவது கண் வேண்டுமா, வெளிச்சம் போதவில்லையா என்று அவளிடமே கேள், அந்த மேஜையில் இருபது வருஷமாக நிற்கிறவள் அவள். இன்னொன்று, நூல்கண்டம்மாளிடம் நான் பார்த்தது, எவனாவது விளக்கு எரியவில்லை என்று எழுதினால் அன்று பொழுது சாய்வதற்குள் விளக்கு எரியும், முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று அதே வரிக்குக் கீழே எழுதிவைப்பார். நன்றி நன்றி என்று சொல்லிவிட்டுக் கிடப்பில் போடுகிற தலைவரைவிட இடியே தேவலை, அவராவது படித்துப் பார்த்துக் கத்தினார்.

வீட்டுச் சேதி பெரிதாக ஒன்றுமில்லை. சமையலறைக் குழாயை நானே சரிசெய்கிறேன் என்று கழற்றியதில் ஒரு கடல் உற்பத்தியானது, சித்தி பாத்திரங்களைப் படகாக்கிக் கரை சேர்ந்தாள். பஸ்ஸையே பிரித்து மாட்டினவர் ஒரு குழாயிடம் தோற்றார் என்று தபலாவிடம் போட்டுக்கொடுத்துவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை அவன் கேரம் பலகை ஓரத்தில் மிச்சமிருக்கும் இரண்டு விரலால் ஒரு தாளம் போட்டுச் சிரித்தான். நல்ல தாளம்தான். இரண்டு விரலில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

அதைக் கேட்ட பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், என் புளுகு ஒன்று இருபத்திரண்டு வருஷம் தாங்கிவிட்டது. இந்தக் கதையில் புறா பொய், பால் திரிந்தது பொய், குதிரைகள் பொய், கேடயம் என் முழங்கால் உயரம்கூட இல்லை. அவற்றைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் மிச்சமெல்லாம் நடந்ததுதான், ஆனால் எல்லாவற்றிலும் பெரிய உண்மை ஒரு சின்னப் பகுதி, அதை நான் கதைக்குள் எங்கேயும் சொல்லவில்லை. கொக்கி உடைந்தது வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை நான் அதற்கு கிரீஸ் போட்டேன். அதன் கழுத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல் இருந்தது. துணியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன், இருந்தது. நோட்டு நாலு எட்டில் தொங்கியது, பென்சில் ஆடிக்கொண்டிருந்தது. கடைசியாக அதில் எழுதினவன் நடுக்கூடத்தில் நின்று படித்தது, ஒரு வருஷம் கடந்தும் என் காதில் இருந்தது. வேறு யாராவது பார்த்து எழுதுவார்கள் என்று நினைத்து, கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். பிறகு நூல்கண்டம்மாள் வந்து, நாற்காலியும் வந்து, நான் உடைந்த பல்பு, தொலைந்த ஸ்பேனர் என்று சின்னச் சின்னதாக நோட்டில் நிறைய எழுதினேன். அந்த அம்மாள் ஒரு நாள் என்னைப் பார்த்து, "பெருசா ஒண்ணு எழுத வந்துட்டு, சின்னதா எழுதிட்டுப் போற மாதிரி இருக்கே?" என்றார். நான் ஒரு ஜோக் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். முறுக்காத நட்டுக்காக அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தவன் தபலா. அவன் விரல் போனதற்குக் காரணமானவன் இன்றுவரை உட்காரவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. முதலில் இதைத் தபால் பெட்டியில் போடுவேன், போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. பிறகு, அவன் கேரம் ஆட இங்கே வருவதற்குள், நானே அவன் வீட்டுக்குப் போவேன். கெட்ட சேதி கொண்டு வருகிறவனுக்கு அவன் நாற்காலி போடுவானா என்று எனக்குத் தெரியாது. போடாவிட்டால் நின்றுகொண்டே சொல்லிவிடுகிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கையில் வேலை பார்க்கிறவர்கள் உன் முகத்தைப் பார்த்துப் பயமில்லாமல் வாய் திறக்கும்படி நூறு வருஷம் இருக்க வேண்டும். குளிரில் காதை மூடிக்கொள், வேலை இடத்தில் மட்டும் திறந்து வை. அடுத்த தடவை எனக்கு நோட்டைப் படமெடுத்து அனுப்பும்போது பக்கம் முழுக்கக் கிறுக்கலாக இருக்கட்டும், முதல் வரி உன் கையெழுத்தில்.

இப்படிக்கு,
இன்றைக்கு ஒரு பொய்யும் மிச்சம் வைக்காத,
உன் சித்தப்பா